லேண்ட்லைன் நம்பர் போகாமல் பில்லைக் குறைக்க என்ன வழி? (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், எஸ்டிடி 04923)

கொழிஞ்சாம்பாறை கடை | 9 ஜூன் 2025, காலை 10.12

மொபைல் நம்பரை 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி கம்பெனி மாற்றுகிற மாதிரி லேண்ட்லைனையும் மாற்றிக்கொள்ளலாம் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். கடை நம்பர் 04923, பிஎஸ்என்எல், செம்புக் கம்பி. மழை பெய்தால் கரகரப்பு. இன்டர்நெட்டுக்குத் தனியாக ஒரு கேபிள்காரர் லைன். மாதம் இரண்டு பில். போர்டு, பில் புத்தகம், பொள்ளாச்சி மண்டிக்காரர்களின் டைரி, எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். அது போகக் கூடாது, பில் ஒன்றாக வேண்டும். எந்தக் கம்பெனி மலிவுங்க?

கோபாலபுரம் ஃபைபர் | 9 ஜூன், 11.40

லேண்ட்லைனை போர்ட் செய்ய (அதே நம்பரோடு கம்பெனி மாற) முடியாதுங்க. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கும் வசதி மொபைல் நம்பருக்கு மட்டும். லேண்ட்லைன் நம்பர் எக்ஸ்சேஞ்சோடும் கம்பெனியோடும் கட்டப்பட்டது. 04923-க்குப் பின்னால் வரும் ஆறு இலக்கத்தில் முதல் இலக்கமே யாருடையது என்று சொல்லிவிடும்: 2 என்றால் பிஎஸ்என்எல், 4 என்றால் ஏர்டெல். ஜியோவோ ஏர்டெல்லோ லேண்ட்லைன் தருவார்கள், ஆனால் புது நம்பரில்.

அதனால் "எந்தக் கம்பெனி" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம்பர் முக்கியம் என்றால் இருக்கிற வழி ஒன்றுதான்: அதே பிஎஸ்என்எல்லில் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறுவது. பழைய நம்பரையே ஃபைபருக்குக் கொண்டுவருகிறார்கள். இன்டர்நெட்டும் அதிலேயே வந்துவிடும். கேபிள்காரர் பில் நிற்கும். சேமிப்பு அங்கேதான் இருக்கிறது.

கோபாலபுரம் ஃபைபர் | 9 ஜூன், 11.58

மேலே எழுதாமல் விட்டது, இதுதான் ரொம்ப முக்கியம். எக்ஸ்சேஞ்சில் போய் "பழைய லைனை சரண்டர் பண்ணிட்டு ஃபைபர் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். சரண்டர் மனு ஏறி லைன் மூடினால் நம்பர் உங்களுடையது அல்ல. கேட்க வேண்டியது "இதே நம்பரில் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாற்றம்". படிவத்தில் பழைய நம்பரும் கன்ஸ்யூமர் ஐடியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்து. புது இணைப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு "நம்பரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். புது நம்பர் விழுந்த பிறகு பழையதைக் கொண்டுவருவது பெரிய அலைச்சல்.

கொழிஞ்சாம்பாறை கடை | 9 ஜூன், மாலை 6.30

கேஃபோன் (கேரள அரசின் ஃபைபர் இன்டர்நெட்) 299 ரூபாய்க்குக் கொடுக்கிறது என்கிறார்களே?

கோபாலபுரம் ஃபைபர் | 9 ஜூன், இரவு 8.05

கேஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கியபோது 20 எம்பிபிஎஸ் அடிப்படைத் திட்டம் 299. இப்போதைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் 04923 நம்பர் அதில் வராது. இன்டர்நெட் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு அதைத் தாராளமாகப் பார்க்கலாம். கேரளா விஷன், ஏஷியாநெட் போன்ற கேபிள் கம்பெனி எல்லாவற்றுக்கும் இதே பதில்.

எந்த விலையைச் சொன்னாலும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டுப் பாருங்கள். 299 என்றால் கையிலிருந்து போவது 352.82. ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் 2,116.92. 399 ரூபாய்த் திட்டத்தை ஒரு வருஷம் ஓட்டினால் 5,649.84. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது வரி சேராத தொகை. அதற்கு மேல் மூன்று செலவைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஓஎன்டி பெட்டி (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி, போனும் இன்டர்நெட்டும் இதிலிருந்துதான்) விலைக்கா, வாடகைக்கா? போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் கேபிள் இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு என்ன? பாதியில் விட்டால் பெட்டிக்குத் திருப்பித் தருவது எவ்வளவு? வாயால் சொன்னது பில்லில் நிற்காது.

மீனாட்சிபுரம் டீச்சர் | 10 ஜூன், காலை 7.20

இறந்துபோன மாமனார் பெயரில் லைன் இருந்தால்?

கோபாலபுரம் ஃபைபர் | 10 ஜூன், 9.15

முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் ஃபைபர். இறப்புச் சான்று, வாரிசு யார் என்பதற்கு ஆதாரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உங்கள் ஆதார், கடைசி பில். பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் போட்டால் பெயர் மாற்றம் முடியாமல் ஃபைபர் வேலையும் தொங்கும். ஆதாரில் பொள்ளாச்சிப் பக்கத்து முகவரி இருந்து வீடு கேரளத்தில் இருந்தால், கேஎஸ்இபி கரண்ட் பில்லோ வாடகை ஒப்பந்தமோ கூட வையுங்கள்.

வண்ணாமடை லைன் | 10 ஜூன், பகல் 1.45

கோபாலபுரம் அண்ணா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். நம்பரை ஃபைபருக்கு மாற்றும் வேலை ஒரே மூச்சில் நடப்பதில்லை. கேபிள் இழுப்பது ஒரு நாள், பெட்டியைப் பதிவு செய்வது இன்னொரு வேலை, நம்பரைத் தூக்கி வைப்பது எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வேலை. நம்பர் மாறுகிற நொடியில் செம்புக் கம்பி செத்துவிடும். அதனால் சனிக்கிழமை மாலை அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். ஃபைபரில் வாய்ஸ் (போன் சேவை) ஏறவில்லை என்றால் திங்கள்கிழமை வரை கடைக்கு போனே இருக்காது. வார நாள், காலை நேரம், இன்டர்நெட் ஒரு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு.

கோபாலபுரம் ஃபைபர் | 10 ஜூன், இரவு 9.30

தம்பி சொன்னதைத் தொடர்ந்து, ஆள் வீட்டில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவை.

பெட்டியின் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் என்ற அலகில்) எவ்வளவு என்று கேளுங்கள். மீட்டரில் காட்டச் சொல்லுங்கள், அல்லது ஓஎன்டியின் செட்டிங் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற இடத்தில் பார்க்கலாம். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27 என்பது சாதாரண பெட்டியின் கடைசி எல்லை. அன்றைக்கு ஓடும், முதல் காற்றில் நிற்கும். மைனஸ் 8-ஐ விட ஒளி அதிகமாக வந்தாலும் கண் கூசுகிற மாதிரி, பெட்டி படிக்காது.

கணக்கு இப்படி: ஓஎல்டியிலிருந்து (கம்பெனிப் பக்கம் ஒளியை அனுப்பும் கருவி) 3 டிபிஎம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரில் சுமார் 20.5 டிபி போகும். 6 கிலோமீட்டர் கண்ணாடியில் 1.5. நாலைந்து கனெக்டர், ஜாயின்ட்டில் 2. கூட்டினால் 24. வீட்டுக்கு வருவது மைனஸ் 21. உங்கள் வீட்டில் மைனஸ் 26 காட்டினால் அந்த 5 டிபி எங்கேயோ அநாவசியமாகப் போகிறது: மடங்கிய கேபிள், அழுக்குக் கனெக்டர், அவசரத்தில் போட்ட ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு). பச்சைக் கனெக்டரை நீலத்தில் சொருகியிருந்தாலும் இப்படித்தான். பச்சையின் முனை சாய்வாகத் தேய்த்தது, நீலத்தின் முனை நேரானது, இரண்டும் சேராது. ஆள் கிளம்புவதற்கு முன் அந்த எண்ணைப் பெட்டி மேலேயே பேனாவால் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோளாறு வந்தால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

பிறகு போன். மொபைலிலிருந்து கடைக்கு ஒரு கால். கடையிலிருந்து மொபைலுக்கு ஒரு கால், முன்னால் 0 போட்டு. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 கட்டாயம், 2021 ஜனவரி 15 முதல். பொள்ளாச்சிக்கு 04259 போட்டு ஒரு கால். எதிர்முனையில் என்ன நம்பர் விழுகிறது என்று கேளுங்கள். பழைய 04923 நம்பர் விழுந்தால்தான் வேலை முடிந்தது.

கோபாலபுரம் ஃபைபர் | 11 ஜூன், காலை 6.50

நேற்று விட்டது: பழைய போன் கருவி. சுழற்று டயல் போனும், பட்டன் போனில் அடியில் 'பி' (பல்ஸ்) பக்கம் தள்ளியிருக்கும் சுவிட்சும் பெரும்பாலான ஓஎன்டியில் வேலை செய்யாது. கால் வரும், ஆனால் நம்பர் அடித்தால் டயல் டோன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்சை 'டி' (டோன்) பக்கம் தள்ளினால் சரியாகும். "ஃபைபரில் போன் வரலை" என்ற புகாரில் இந்தச் சின்ன சுவிட்சும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை கடை | 11 ஜூன், 11.00

கடையிலும் மாடி வீட்டிலும் ஒரே லைனில் இரண்டு போன் இருக்கிறது. அந்த ஒயர் அப்படியே பயன்படுமா?

வண்ணாமடை லைன் | 11 ஜூன், 12.20

பயன்படும். ஆனால் வெளியிலிருந்து வரும் செம்பு ட்ராப் ஒயரை ரோசெட் பெட்டியில் (சுவரில் போன் ஒயர்கள் சேரும் சின்னப் பெட்டி) கழற்றிய பிறகுதான். இதைச் சொல்லாமல் விடுகிற ஆட்கள் உண்டு. எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து அந்த ஒயர் ஜோடியில் 48 வோல்ட் டிசி வந்துகொண்டிருக்கும், மணி அடித்தால் 75 வோல்ட் அளவுக்கு ஏசி. அதே ஜோடியில் ஓஎன்டியின் டெல் போர்ட்டை (போன் ஒயர் சொருகும் துளை) இணைத்தால் போர்ட் கெட்டுப் போகும். லைன் செத்துவிட்டது என்று நினைத்து விட்டாலும், இடி விழுந்தால் போஸ்ட்டிலிருந்து அந்த ஒயர் வழியாகத்தான் உள்ளே வரும்.

வெளி ஒயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி வெளியிலேயே விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரை வைத்து வீட்டுக்குள் போகும் ஜோடியில் பூஜ்யம் என்று பாருங்கள். அதற்கப்புறம் ஓஎன்டியின் முதல் டெல் போர்ட்டிலிருந்து ஆர்ஜே-11 ஒயரை ரோசெட்டுக்குக் கொடுங்கள். இரண்டு போன் தாங்கும். மூன்றாவது போட்டால் மணி மெலிந்து அடிக்கலாம். அப்படி அடித்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

கோபாலபுரம் ஃபைபர் | 11 ஜூன், இரவு 10.10

இனி கரண்ட். செம்பிலிருந்து மாறும்போது பலரும் மறப்பது இதைத்தான். கணக்கில் சேர்க்காவிட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் பொய்.

செம்பு போனுக்கு கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடித்தது. ஃபைபரில் கரண்ட் வராது, கண்ணாடிதானே. ஓஎன்டி அணைந்தால் போனும் அணையும். வீட்டில் வயதானவர்கள் இருந்து அவசரத்துக்கு லேண்ட்லைனை நம்பியிருந்தால், பேட்டரி இல்லாமல் மாறவே மாறாதீர்கள்.

12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றோ 1.5 என்றோ இருக்கும். யுபிஎஸ் அதற்குக் குறையக் கூடாது, 2 ஆம்பியர் எடுப்பது நல்லது. பின் (பிளக் முனை) அளவைக் கவனியுங்கள். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு உண்டு. தொளதொளவென்று இருந்தால் ஃபேன் காற்றுக்கே விட்டுவிட்டு ஓடும். எம்ஏஎச் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 8,800 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது 3.7 வோல்ட்டில். பெருக்கினால் 32.5 வாட் அவர். 12 வோல்ட்டாக ஏற்றுவதில் 15 சதவீதம் போனால் 27 சொச்சம். பெட்டி 8 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தனி ரூட்டரையும் அதிலேயே மாட்டினால் பாதி.

வண்ணாமடை லைன் | 12 ஜூன், காலை 8.30

அண்ணா, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். போதும், ஆனால் மாறுகிற அந்த ஒரு கண் சிமிட்டலில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி எழும். எழுந்து வாய்ஸ் ஏற இரண்டு மூன்று நிமிஷம். பேசிக்கொண்டிருந்த கால் அறுந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் லைனின் ஓஎல்டி எங்கே இருக்கிறது? எக்ஸ்சேஞ்சிலா, பிஎஸ்என்எல் பார்ட்னர் கடையிலா? நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், ஓஎல்டிக்கு வேண்டும். அங்கே பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தால், வீட்டில் எட்டு மணி நேர யுபிஎஸ் வைத்தும் புண்ணியமில்லை. கரண்ட் போனபோது பக்கத்து ஃபைபர் வீட்டில் எவ்வளவு நேரம் ஓடியது என்று விசாரித்தாலே தெரிந்துவிடும்.

கோபாலபுரம் ஃபைபர் | 12 ஜூன், 9.05

நான் யோசிக்காதது, தம்பி. முந்தைய குறிப்பில் யுபிஎஸ்ஸை மட்டும் சொன்னது பாதி விடைதான். முதலில் ஓஎல்டி எங்கே என்று கேட்டு, அதற்கு ஏற்ற அளவில் யுபிஎஸ்.

கோபாலபுரம் ஃபைபர் | 14 ஜூன், மாலை 4.40

காற்று தொடங்கிவிட்டது, அதனால் கேபிள் பற்றி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபைபரை மழை ஒன்றும் செய்யாது. வெட்டுவது தென்னை மட்டையும் பனை மட்டையும். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு இழுக்கும்போது மரத்தடியை விட்டு விலக்கி, பத்து மீட்டர் கூடுதலானாலும் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேபிளோடு ஒட்டியிருக்கும் இரும்புக் கம்பிதான் இழுவையைத் தாங்க வேண்டும். அதைச் சுவர் கொக்கியில் கட்டி, வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். இரும்போடு சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் இடிக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. உள்ளே மூலையில் திருப்பும்போது ஒரு ரூபாய்க் காசு வட்டத்தை விடச் சின்னதாக மடக்க வேண்டாம். ஆணி கிளிப்பை அழுத்தி அடிக்க வேண்டாம்.

வண்ணாமடை லைன் | 14 ஜூன், 7.15

காசு சின்னது அண்ணா. ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வட்டம் ஒரு டீ கிளாஸ் வாய் அளவு. கண்ணாடி அதை விடச் சின்ன மடிப்பையும் தாங்கலாம், மேலுறை தாங்காது.

கோபாலபுரம் ஃபைபர் | 14 ஜூன், 7.30

சரி, டீ கிளாஸ் வாய் அளவு. காசை மறந்துவிடுங்கள்.

மீனாட்சிபுரம் டீச்சர் | 16 ஜூன், இரவு 8.00

ஃபைபரே வேண்டாம், சிம் போடுகிற மேசை போன் வாங்கி வைத்தால் என்ன? மொபைல் நம்பரை போர்ட்டும் செய்யலாமே.

கோபாலபுரம் ஃபைபர் | 16 ஜூன், 9.20

போன் மட்டும் போதும், பழைய நம்பர் தேவையில்லை என்றால் அது மலிவான வழிதான் டீச்சர். வாங்கும்போது 4ஜி வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) உள்ளதா என்று பாருங்கள். கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடல்கள் 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்தச் சிம் அதில் ஏறவே ஏறாது.

போர்ட் செய்ய: 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க நம்பரை 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அந்தக் குறியீடு நான்கு நாள் செல்லுபடியாகும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் குறியீடு கிடைக்காது, 2024 ஜூலை 1 முதல் அப்படி. எல்லைக்காரர்களுக்கு ஒரு கவனிப்பு: தமிழ்நாட்டு டெலிகாம் வட்டத்து நம்பரை அதே வட்டத்தில் மாற்றினால் மூன்று வேலை நாள், கேரள வட்டத்துக்கு மாற்றினால் ஐந்து. வேலந்தாவளத்தில் நின்றுகொண்டு எந்தப் பக்கத்து டவர் பிடிக்கிறது என்பது இதற்குக் கணக்கில்லை. நம்பர் எந்த வட்டம், புது சிம் எந்த வட்டம், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை கடை | 19 ஜூன், பகல் 12.10

மாற்றியாகிவிட்டது. பவர் மைனஸ் 21.4. இன்டர்நெட் ஓடுகிறது. போனில் டயல் டோன் இல்லை. பழைய லைனும் செத்துவிட்டது.

வண்ணாமடை லைன் | 19 ஜூன், 12.35

டெல் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் வாய்ஸ் பதிவாகவில்லை. இன்டர்நெட்டும் வாய்ஸும் ஒரே கண்ணாடியில் வந்தாலும் தனித்தனி வழி, ஒன்று ஓடினால் மற்றது ஓடும் என்று இல்லை. பெட்டியை ஒரு முறை அணைத்து ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். வரவில்லை என்றால் பிஎஸ்என்எல் புகார் எண் 1500-ல் "ஃபைபர் பழுது" என்று சொல்லாதீர்கள், கேபிள் ஆளைத்தான் அனுப்புவார்கள். "இன்டர்நெட் ஓடுகிறது, வாய்ஸ் ரெஜிஸ்டர் ஆகவில்லை, செம்பிலிருந்து மாற்றிய நம்பர்" என்று சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

கோபாலபுரம் ஃபைபர் | 19 ஜூன், 1.20

புகார் எண் இல்லாமல் எதுவும் நகராது. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி பழுது 3 நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகைக் கழிவு, 7 நாளைத் தாண்டினால் 15 நாள், 15 நாளைத் தாண்டினால் ஒரு மாதம். நாள் எண்ணுவது புகார் பதிவான நேரத்திலிருந்து. தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், 39 நாளில் அவர்கள் முடிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், தொலைபேசிப் புகாரை அங்கே எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது.

கொழிஞ்சாம்பாறை கடை | 20 ஜூன், காலை 11.45

வாய்ஸ் வந்துவிட்டது. பொள்ளாச்சிக்கு அடித்துப் பார்த்தேன், பழைய நம்பர்தான் விழுகிறது. மாடி போனும் அடிக்கிறது. கேபிள்காரரின் இன்டர்நெட்டை இன்றே நிறுத்தட்டுமா?

கோபாலபுரம் ஃபைபர் | 20 ஜூன், 12.30

இன்றே வேண்டாம். ஒரு பில் முழுதாக வரட்டும். அதில் பழைய செம்பு வாடகையும் புது ஃபைபர் வாடகையும் சேர்ந்து விழுந்திருக்கிறதா பாருங்கள், மாறுகிற மாதத்தில் நடக்கும். பழைய டெபாசிட் புதுக் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். அது சரி என்றால் கேபிள்காரருக்கு எழுத்தில் கொடுங்கள், அவருடைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

கோபாலபுரம் ஃபைபர் | 21 ஜூன், காலை 7.05

லேண்ட்லைனை முழுதாக விடுகிறவர்களுக்கு டெபாசிட் 60 நாளில் திரும்பும் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தோம். அது பழைய விதி. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதியில் 45 நாள். மனுவோடு பாஸ்புக் முதல் பக்க நகலை வையுங்கள், கடைசி பில்லைக் கழித்துக்கொண்டு மீதி அந்தக் கணக்குக்குத்தான் வரும். மனுவின் இரண்டாவது பிரதியில் தேதி முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.